மண்டையிடிக்குப் பின்னால் ஒரு மரபணு: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் பால் மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை. இங்கே மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பனடோல் அட்டை வாங்க வருகிறவர்களிடம் இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், பலருக்கு இருப்பது வெறும் தலைவலி இல்லை, மைக்ரேன் என்று தெரிந்துவிடும். இதைப் பற்றித் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஒரு முறை பேசினேன். அன்று கேட்கப்பட்டவை, அப்புறம் கடையிலும் வாட்சாப்பிலும் வந்தவை எல்லாம் இங்கே உள்ளன. பேச்சு சுற்றிவந்தது ஒரு மரபணுவை. அதன் பெயர் கால்கா. அது தருகிற நரம்புப் பெப்டைடின், அதாவது நரம்பு செல்கள் விடும் சிறு புரதத் துண்டின், பெயர் சி.ஜி.ஆர்.பி.

பாட்டிக்கு இருந்தது, அம்மாவுக்கு இருக்கிறது, இப்போது எனக்கும். மைக்ரேன் பரம்பரை நோயா?

குடும்பத்தில் ஓடும் நோய்தான். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, ஒருவருக்கு மைக்ரேன் வருமா வராதா என்பதில் ஏறக்குறைய பாதிப் பங்கு மரபணுக்களுக்கு. மீதி தூக்கம், சாப்பாடு, ஹார்மோன், வேலை என்று பலவற்றுக்கும் பிரிகிறது. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பெரிய பங்குண்டு. மாதவிடாய்க்கு முன் அது சட்டென்று இறங்கும்போது பலருக்குத் தலை பிளக்கும்.

ஆனால் 'மைக்ரேன் மரபணு' என்று ஒன்றை மட்டும் கைகாட்ட முடியாது. 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று 102,084 மைக்ரேன் நோயாளிகளின் மரபணுத் தகவலை அலசி, ஆபத்தைக் கூட்டும் 123 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை அளவுதான் கூட்டும். அந்த 123-ல் ஒன்று கால்கா இருக்கும் இடம். இந்த மரபணுவின் பெப்டைடைத் தடுக்கும் மருந்துகள் அதற்குள் கடைக்கு வந்துவிட்டன. மருந்து முந்திக்கொண்டது, மரபணுச் சான்று பின்னால் வந்து சேர்ந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

அந்தக் கால்கா என்னதான் செய்கிறது?

நம் 11-ஆம் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஆறு முக்கியத் துண்டுகள். கழுத்தில் உள்ள தைராய்டின் சி செல்கள் முதல் நான்கு துண்டுகளை மட்டும் சேர்த்துப் படிக்கும். அப்போது கிடைப்பது கால்சிட்டோனின், ரத்தத்தில் கால்சியத்தைக் குறைக்கும் ஹார்மோன். நரம்பு செல்களோ நான்காவது துண்டை விட்டுவிட்டு ஐந்தையும் ஆறையும் சேர்த்துக்கொள்ளும். அப்போது கிடைப்பது 37 அமினோ அமிலம் நீளமுள்ள சி.ஜி.ஆர்.பி. மரபணு ஒன்றுதான். எந்த உறுப்பு படிக்கிறது என்பதைப் பொறுத்து வெளியே வரும் சரக்கு வேறு.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சூசன் அமாராவும் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் கூட்டாளிகளும் இதைக் காட்டியபோது பெரிய பரபரப்பு. ஒரு மரபணுவுக்கு ஒரு புரதம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கால்சிட்டோனினைத் தேடிப் போனவர்கள் கையில் எதிர்பாராமல் விழுந்தது இந்தப் பெப்டைட்.

அது எப்படித் தலைவலியாக மாறுகிறது?

மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவது மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் அதில் ஓடும் ரத்தக்குழாய்களுக்கும். அங்கே உணர்வு கொண்டுபோவது டிரைஜெமினல் நரம்பு. முகம், பல், நெற்றி எல்லாவற்றுக்கும் அதே நரம்புதான், அதனால்தான் மைக்ரேன் வந்தால் கண்ணுக்குப் பின்னால், கன்னத்தில், சிலருக்குப் பல்லில்கூடக் குத்தும்.

இந்த நரம்பின் நுனிகள் தூண்டப்பட்டால் சி.ஜி.ஆர்.பி.யைக் கொட்டும். கொட்டியதும் ரத்தக்குழாய் விரியும். உடம்பில் உருவாகும் பொருள்களில் ரத்தக்குழாயை இவ்வளவு பலமாக விரிப்பவை மிகக் குறைவு. அருகில் உள்ள மற்ற செல்களும் கிளர்ந்து, அழற்சிப் பொருள்களை விடும். நரம்பு இன்னும் கூர்மையாகும். அந்த நிலையில், மற்ற நாளில் வலிக்காத விஷயமெல்லாம் வலிக்கும். தலை வாரினால் வலி, படியேறினால் ஒவ்வொரு படியும் தலைக்குள் இடிக்கும், சமையலறை டியூப்லைட்கூடத் தாங்காது.

குழாய் விரிவதுதான் வலிக்கு முழுக் காரணம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். இன்று அந்தக் கருத்து வலுவிழந்துவிட்டது. குழாய் விரிவதைவிட, நரம்பு தேவைக்கு மேல் கூர்மையாகி அப்படியே நிற்பதுதான் பெரிய கோளாறு என்று பார்க்கிறார்கள்.

இதை எப்படி நிரூபித்தார்கள்? எல்லாம் ஊகம்தானே?

கேட்டவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் எட்வின்சன், ஆஸ்திரேலியரான பீட்டர் கோட்ஸ்பி இருவரும் 1990-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மைக்ரேன் நேரத்தில் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. உயர்ந்திருந்தது. ஆனால் உயர்ந்தது என்பதற்காக அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது, இல்லையா? 2002-ல் டென்மார்க்கில் யெஸ் ஒலெசனின் குழு அடுத்த படியைத் தாண்டியது. மைக்ரேன் உள்ளவர்களுக்கு இந்தப் பெப்டைடையே ஊசி மூலம் ரத்தத்தில் ஏற்றினார்கள். சில மணி நேரம் கழித்துப் பலருக்கு உண்மையான மைக்ரேன் வந்தது. மூன்றாவது படி தடுப்பது. 2004-ல் ஒல்செஜெபன்ட் என்ற தடுப்பு மருந்தைக் கொடுத்தபோது வலி குறைந்தது. கூடுகிறது, கொடுத்தால் நோய் வருகிறது, தடுத்தால் நோய் போகிறது. மூன்றும் சேர்ந்த பிறகு ஊகம் என்று தள்ளுவது கடினம்.

எட்வின்சன், கோட்ஸ்பி, ஒலெசன் மூவருக்கும் அமெரிக்கரான மைக்கேல் மாஸ்கோவிட்ஸுக்கும் சேர்த்து 2021-ல் மூளை ஆய்வுக்கான 'பிரெய்ன் பிரைஸ்' கொடுத்தார்கள்.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை செய்தால் மைக்ரேனா இல்லையா என்று தெரிந்துவிடுமே?

தெரியாது. 2005-ல் கோபன்ஹேகனில் அதே கழுத்துச் சிரையில் மறுபடி அளந்து பார்த்தார்கள், உயர்வே தெரியவில்லை. இந்தப் பெப்டைட் ரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும், அளப்பது பெரிய தலைவலி. மரபணுப் பரிசோதனையும் வேண்டாம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மைக்ரேன் வாய்ப்பு சொல்கிறோம் என்று இணையத்தில் விளம்பரம் வருகிறது. அந்தக் காசுக்கு ஒரு மாதம் ஒழுங்காகக் காலைச் சாப்பாடு சாப்பிடலாம். உடம்பின் ஒரு பக்கமே செயலிழந்து போகும் அபூர்வக் குடும்ப மைக்ரேனுக்கு மட்டும் சில குறிப்பிட்ட மரபணுக்களைப் பார்ப்பார்கள், அதுவும் நிபுணர் சொன்னால்.

பிறகு டாக்டர் எதை வைத்து மைக்ரேன் என்கிறார்?

நீங்கள் சொல்வதை வைத்துத்தான். மருந்து போடாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். துடிதுடிக்கும் வலி, பெரும்பாலும் ஒரு பக்கம், நடந்தால் கூடும். கூடவே குமட்டல் அல்லது வாந்தி, இல்லையென்றால் வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது. இப்படி ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வலிக்கிறது, ஆகவே மைக்ரேன் இல்லை என்று நினைக்காதீர்கள், அப்படியும் வரும்.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் பளபளக்கும் கோணல் கோடு, பார்வையில் ஓட்டை, விரலில் ஆரம்பித்து மெல்ல மேலேறும் மரமரப்பு. இதை ஆரா என்பார்கள், 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். இது உங்களுக்கு உண்டா என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஏன் என்பது கீழே பக்கவாதக் கேள்வியில் வருகிறது.

சம்பலில் சிலி பாடி கூடிப்போனால் முகம் சிவந்து வேர்க்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இதைக் கேட்ட பையனுக்கு ஒரு சபாஷ். நேரடித் தொடர்பே உண்டு. மிளகாயின் காரம் கேப்சைசின். அது வலி நரம்பின் நுனியில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியை (செல்லின் மேல் சேதி வாங்கும் புரதம்) திறக்கிறது. உண்மையில் அது சூட்டை உணரும் ஏற்பி, அதனால்தான் காரம் எரிகிறது. திறந்ததும் நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி.யும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற இன்னொரு பெப்டைடும் வெளியே வருகின்றன. சிவப்பு அதனால். இந்த ஏற்பியை 1997-ல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. முழங்கால் வலிக்கு மிளகாய்க் களிம்பு விற்கிறோமே, அதன் தத்துவமும் இதுதான். திரும்பத் திரும்பத் தேய்த்தால் நரம்பு நுனி ஓய்ந்து போகும்.

ஆப்பிரிக்காவில் மண்ணுக்குள் வாழும் முடியில்லாத துன்னெலி ஒன்று உண்டு. அதன் தோலில் உள்ள மெல்லிய வலி நரம்புகளில் இந்த இரண்டு பெப்டைடுகளுமே இல்லை. அதன் தோலில் மிளகாய்ச் சாறோ அமிலமோ பட்டாலும் கண்டுகொள்ளாது. ஆனால் கிள்ளினால் தெரியும். வலி என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது உடம்புக்குள் பல வழிகளில் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மிளகாய் சாப்பிட்டால் எல்லாருக்கும் மைக்ரேன் வராது. உங்களுக்கு வருகிறதா என்று நீங்களே கவனியுங்கள்.

அண்ணி விடியுமுன் பால் மரம் வெட்டப் போகிறார். பத்து மணிக்கெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். எதைத் தவிர்க்க வேண்டும்?

வேலையை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தக் காலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடுகிற அவசரத்தில் ஒரு கோப்பி ஓ மட்டும், வயிற்றில் வேறொன்றும் இல்லை. தூக்கம் குறைவு. தண்ணீர் கொண்டுபோவதில்லை, போனாலும் மூத்திரம் போக இடமில்லையே என்று குடிப்பதில்லை. அப்புறம் நிழல் விலகி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மைக்ரேன் இருக்கிற மூளைக்கு மாற்றம் ஆகாது: பசியில் மாற்றம், தூக்கத்தில் மாற்றம், நீர்ச்சத்தில் மாற்றம், வெளிச்சத்தில் மாற்றம். எல்லாமே ஒரே காலையில் வருகின்றன.

நான் சொன்னது இவ்வளவுதான். இரண்டு துண்டு ரொட்டியோ நேற்றைய இட்லியோ உள்ளே போன பிறகு கோப்பி. தண்ணீர் போத்தல் கட்டாயம். விளிம்பு அகன்ற தொப்பி. விடுமுறை நாளிலும் ரொம்ப நேரம் தூங்காமல் கிட்டத்தட்ட அதே நேரத்தில் எழுவது. தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்களுக்குக் கடைசி விஷயம் கிடைக்காது, அதனாலேயே அவர்களுக்கு மருந்து இன்னும் சீக்கிரம் தேவைப்படும் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் பாலோ பழமோ எடுத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.

கண்ணேறு, காற்றுப் பிடித்திருக்கிறது என்கிறார்கள். சுக்குப் பத்தும் கோடாலித் தைலமும் போதாதா?

நெற்றியில் பத்துப் போட்டு இருட்டறையில் படுத்தால் ஆறுதல் உண்டு, நானே தடுக்கமாட்டேன். தைலத்தில் உள்ள மெந்தால் குளிர்ச்சியை உணர்த்தும் ஏற்பியைத் தூண்டி வலியின் கவனத்தைத் திருப்புகிறது. திருஷ்டி கழிப்பதால் நஷ்டமும் இல்லை. கழித்து முடித்து, இனி டாக்டர் வேண்டாம் என்று சொல்லும்போதுதான் எனக்கு வருத்தம். வாரம் இரண்டு நாள் படுக்கையில் கிடப்பவருக்குப் பத்து போதாது.

பனடோல் தினமும் போடுகிறேன். முதலில் கேட்டது, இப்போது கேட்பதே இல்லை. ஏன்?

மாத்திரையே தலைவலியை உண்டாக்கிவிட்டது. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கடையில் நான் பார்ப்பதில் இதுதான் மிகப் பரவலான கேடு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால், பொன்ஸ்தான் மாதிரியான சாதாரண வலி மாத்திரை போட்டாலும், 10 நாளோ அதற்கு மேலோ மைக்ரேனுக்கென்று கொடுக்கும் டிரிப்டான், எர்கோட்டமின், பல மருந்து கலந்த வலி மாத்திரை போட்டாலும் நரம்பு மேலும் கூர்மையாகி, தினசரித் தலைவலி நிலைத்துவிடும். மாத்திரை இறங்கியதும் வலி வரும், வலிக்கு இன்னொரு மாத்திரை, அப்படியே சுற்றும்.

வெளியே வர மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். முதல் சில நாள் கூடுதலாக வலிக்கும், டாக்டர் துணையோடு செய்யுங்கள். வலியை வரவிடாமல் தடுக்கும் மருந்துகள் அரசாங்கக் கிளினிக்கிலேயே இருக்கின்றன. புரோப்பிரனோலோல் பழைய மருந்து, நல்ல மருந்து, ஆனால் ஆஸ்துமா இருந்தால் கூடாது. இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் இன்னொன்று. மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு அதைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள்தான், அந்த அளவு வேறு. கிளினிக்கில் பதியக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. இந்த ஒரு வெள்ளி மருந்துகளை ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் போட்டுப் பார்க்காமல், அடுத்த கேள்வியில் வரும் விலையுயர்ந்த ஊசிக்குத் தாவுவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, அந்தப் புது ஊசிகள் என்ன?

இரண்டு வகை. ஒன்று ஊசி. உடம்பின் நோய் எதிர்ப்புப் புரதத்தை ஆய்வகத்தில் செய்து, சி.ஜி.ஆர்.பி.யையோ அதன் ஏற்பியையோ பிடித்துக்கொள்ளும்படி அமைத்தது. 2018 மே மாதம் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது எரெனுமாப், ஏற்பியைத் தடுப்பது. அதே ஆண்டு ஃப்ரெமனெசுமாப், கல்கனெசுமாப் வந்தன. எரெனுமாபை மாதம் ஒரு முறை தோலுக்கடியில் போடுவார்கள், 70 அல்லது 140 மில்லிகிராம். இன்னொரு வகை மாத்திரை, ஜெபன்ட் என்று முடியும் பெயர்கள்: உப்ரோஜெபன்ட், ரிமெஜெபன்ட், அட்டோஜெபன்ட். இவற்றின் முன்னோடியான டெல்காஜெபன்ட் ஈரலைப் பாதித்ததால் கைவிடப்பட்டது. அடுத்த தலைமுறை தப்பித்தது.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். எரெனுமாபின் பெரிய சோதனை ஒன்றில் மாதம் சராசரி 8 மைக்ரேன் நாள் இருந்தவர்கள் கலந்துகொண்டார்கள். மைக்ரேன் நாள்கள் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தது 140 மில்லிகிராம் போட்டவர்களில் 50 விழுக்காட்டினருக்கு, 70 போட்டவர்களில் 43.3 விழுக்காட்டினருக்கு. மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களிலும் 26.6 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. நல்ல மருந்துதான், மந்திரம் இல்லை. இதன் பெருமை வேறு: பழைய தடுப்பு மருந்துகள் எல்லாம் ரத்தக்கொதிப்புக்கோ வலிப்புக்கோ மனச்சோர்வுக்கோ செய்தவை, தற்செயலாக மைக்ரேனுக்கும் உதவின. மைக்ரேனின் காரணத்தைப் படித்துவிட்டு, அதற்கென்றே செய்த முதல் தடுப்பு மருந்துகள் இவைதான்.

கடையில் கேட்டு வாங்கும் சரக்கல்ல இது. நரம்பியல் நிபுணர் எழுத வேண்டும், விலையும் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது.

பக்க விளைவு?

எரெனுமாபில் மலச்சிக்கல் முக்கியமானது. சிலருக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது. ஊசி போட்ட இடம் வலிக்கும். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கும் வேண்டாம் என்பார்கள். மருந்து உடம்பில் பாதியாகவே ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும், ஆகவே பல மாதம் முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும்.

வலியைத் தருவதே இந்தப் பெப்டைட் என்றால், என் முழங்கால் வலிக்கும் இதே ஊசி போடலாமே?

அப்படி நினைத்தே சோதித்தார்கள். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குக் கல்கனெசுமாப் கொடுத்துப் பார்த்ததில் பலனில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கொத்துத் தலைவலிக்கு (ஒரு கண்ணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வரும் கடும் வலி) மட்டும் அதே மருந்துக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. டிரைஜெமினல் நரம்பு ஆளும் இடத்தில் சி.ஜி.ஆர்.பி.க்கு இருக்கும் கை, மற்ற இடங்களில் அவ்வளவு நீளமில்லை போலிருக்கிறது.

மைக்ரேன் இருந்தால் பக்கவாதம் வருமா? அந்தப் பெப்டைடைத் தடுப்பது மூளைக்கு ஆபத்தா?

ஆரா இல்லாத மைக்ரேனுக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஆரா உள்ளவர்களுக்கு ரத்த அடைப்பால் வரும் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இளம் வயதில் பக்கவாதமே அரிது என்பதால் இரண்டு மடங்கும் சிறிய எண்தான். ஆனால் புகைத்தால், கூடவே ஈஸ்ட்ரோஜன் கலந்த குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் போட்டால் கணக்கு ஏறிவிடும். ஆரா உள்ள பெண்களுக்கு அந்தக் கலப்பு மாத்திரை வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாய் சேய் கிளினிக்கில் தாதி தலைவலி உண்டா என்று கேட்டால், "சும்மா வரும்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், கண்ணில் கோடு தெரிவதையும் சொல்லுங்கள். வேறு வழிகள் இருக்கின்றன.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். சி.ஜி.ஆர்.பி. வில்லன் இல்லை. ரத்தம் குறையும் இடத்தில் குழாயை விரித்துக் காப்பாற்றுவதும் அதன் வேலை. எலிகளில் அதைத் தடுத்துவிட்டு மூளைக் குழாயை அடைத்தால் சேதம் கூடுகிறது. தலைகீழாகவும் முயன்றிருக்கிறார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்த பிறகு மற்றக் குழாய்கள் இறுகிப்போகும், அப்போது இந்தப் பெப்டைடையே மருந்தாக ஏற்றிய ஐரோப்பியச் சோதனை 1992-ல் வெளிவந்தது. உடம்பு முழுதும் குழாய் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கியது, சிலருக்கு நிறுத்த வேண்டியதாயிற்று, தெளிவான பலனும் இல்லை. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இந்தத் தடுப்பு ஊசியை எழுத மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான்.

மண்டபத்தில் பேசியபோது பேக்காப் என்று இன்னொன்றும் சொன்னீர்கள். அது என்ன?

சி.ஜி.ஆர்.பி. ஊசி கேட்காதவர்களுக்கு நம்பிக்கை தரும் பெப்டைட். 1989-ல் அமெரிக்காவில் அகிரா அரிமுராவின் ஆய்வகம் செம்மறியாட்டு மூளையிலிருந்து பிரித்தெடுத்தது. மரபணு 18-ஆம் குரோமோசோமில். 38 அமினோ அமிலம் உள்ளது, 27 உள்ளது என இரண்டு உருவம். 2009-ல் இதையும் மைக்ரேன்காரர்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மைக்ரேன் வந்தது. அதன் ஒரு ஏற்பியைத் தடுத்த ஊசி முதலில் தோற்றது. பேக்காப்பையே பிடிக்கும் இன்னொரு ஊசியின் முடிவு 2024-ல் வந்தது. நான்கு வாரத்தில் மைக்ரேன் நாள்கள் சராசரி 6.2 குறைந்தன, வெற்று மருந்தில் 4.2. இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, கடையில் கேட்டு வராதீர்கள்.

மூளை நோய் என்று பார்த்தால் எனக்கு இதுதான் கூடுதல் சுவாரசியம். விலங்குகளில் பேக்காப் நரம்பு செல்களைச் சாகாமல் காக்கிறது, பக்கவாத மாதிரியிலும் பார்க்கின்சன் மாதிரியிலும் பார்த்திருக்கிறார்கள். அல்சைமர் நோயில் இறந்தவர்களின் மூளையில் அது குறைந்திருந்தது. குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் குறைந்ததா என்பதை அந்த மூளை சொல்லாது. ஆகவே "மறதிக்குப் பெப்டைட்" என்று யாராவது புட்டி விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு நுரையீரல் கிருமி. ஆஸ்பத்திரியில் புரோகால்சிட்டோனின் பார்த்தார்கள். அது இந்தக் கால்சிட்டோனினா?

அதேதான். அதே கால்கா மரபணு. பாக்டீரியா கடுமையாகத் தாக்கினால் தைராய்டு மட்டுமில்லாமல் உடம்பின் பல திசுக்கள் அந்த மரபணுவைப் படிக்கத் தொடங்கி, கால்சிட்டோனினாக வெட்டப்படாத மூலப்பொருளை ரத்தத்தில் கொட்டுகின்றன. அதை அளந்து ஆன்டிபயாட்டிக்கைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று யோசிப்பார்கள். உங்கள் அப்பாவின் தலைவலிக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். வலி கொஞ்ச நேரமே இருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும். சில பிள்ளைகளுக்குத் தலையே வலிக்காது, வயிறுதான் வலிக்கும், வாந்தி வரும். பள்ளிக்கு மட்டம் போடுகிறான் என்று அடிக்குமுன் வீட்டில் யாருக்கு மைக்ரேன் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

எந்தத் தலைவலிக்கு உடனே ஓட வேண்டும்?

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், வாழ்நாளில் இல்லாத இடி மாதிரி வலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. வாய் கோணல், பேச்சுக் குளறல், கை கால் தளர்ச்சி. வலிப்பு. தலையில் அடிபட்ட பிறகு. கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாக வருவது. 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வருவது. செம்பனைக் குலை தலையில் விழுந்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து, இரவில் வாந்தி எடுத்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் "தலைவலிக்கெல்லாம் எம்.சி.யா (மருத்துவச் சான்றா)" என்கிறார். என்ன சொல்வது?

சட்டத்தில் நோய்ப் பட்டியல் கிடையாது. பதிவுபெற்ற டாக்டர் சான்று கொடுத்தால் போதும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்காத மருத்துவ விடுப்பு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு ஆண்டு வேலை செய்திருந்தால் 18, ஐந்து ஆண்டு ஆகியிருந்தால் 22, சம்பளத்தோடு. மண்டோரிடம் மரபணு பேச வேண்டாம், சீட்டைக் கொடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது காலண்டரைக் கொண்டுபோங்கள். வலித்த நாளில் ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளில் ஒரு கோடு, மாதவிடாய் நாளில் ஒரு புள்ளி. "அடிக்கடி வலிக்கிறது" என்பதைவிட இது பல மடங்கு உதவும்.

சந்தையில் ஒருவர் மூலிகை மாத்திரை விற்கிறார். ஒரே நாளில் மைக்ரேன் போகிறது. வாங்கலாமா?

ஒரே நாளில் எல்லா வலியும் போகிற மூலிகை என்றால் எனக்கு முதலில் ஸ்டீராய்டு ஞாபகம் வரும். அப்படிக் கலந்து விற்றவை பிடிபட்டிருக்கின்றன. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். போத்தலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரும், போத்தலில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். தட்டத் தெரியாவிட்டால் போத்தலோடு கடைக்கு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வாங்கமாட்டேன்.